பழைய சிப்பைத் தூக்கிப் போடாதீர்கள்

மடிக்கணினி திடீரென்று 'நோ டிஸ்ப்ளே' ஆகிவிடுகிறது. சார்ஜ் விளக்கு எரிகிறது, பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ அதைப் பையில் போட்டுக்கொண்டு மதுரைக்கு வருகிறவர், 'சிப் லெவல் சர்வீஸ்' என்று போர்டு மாட்டிய கடையில் கேட்கும் பதில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "பயாஸ் போயிருக்கும்ணே, புதுசு போட்டுப் பாப்போம்." எட்டே கால்கள் கொண்ட சின்னஞ்சிறு சிப் அது. விலையும் அதிகமில்லை. மாற்றியாகிறது, திரை அப்போதும் கறுப்புதான்.

போர்டே செத்துவிட்டது என்று அந்த இடத்தில் கைவிடப்படும் கணினிகளில் பிழைக்கக்கூடியவையும் உண்டு. கோளாறு பெரும்பாலும் சிப்பில் இருப்பதில்லை. அதற்குள் எழுதப்பட்டதில் இருக்கிறது.

முதல் கட்டளை

மின்சாரம் வந்த நொடியில் பிராசஸருக்கு எதுவும் தெரியாது. ராம் இன்னும் தயாராகவில்லை. விண்டோஸ் எந்த டிஸ்க்கில் இருக்கிறது, அதை எப்படிப் படிப்பது என்பதும் தெரியாது. குறிப்பிட்ட ஒரு முகவரிக்குப் போய் அங்கே இருக்கும் கட்டளையை நிறைவேற்ற மட்டும் தெரியும். இன்டெல் பிராசஸர்களில் அந்த முகவரி 4 ஜிபி எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே இருக்கிறது. பயாஸ் சிப்பின் கடைசி பைட் அந்த எல்லையில் வந்து முடியும்படி கணினி அமைக்கப்பட்டிருக்கிறது. ஆக, முதல் கட்டளை இருப்பது சிப்பின் கடைசி 16 பைட்டுக்குள். இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் தீரும்.

கணினியைத் தொடக்கி வைக்கும் இந்த நிரலுக்கு பயாஸ் என்ற பெயரை 1975-இல் கேரி கில்டால் தன் சிபி/எம் இயங்குதளத்தில் வைத்தார். 1981-இல் வந்த ஐபிஎம் பிசி அதை உலகறியச் செய்தது. இன்று சிப்பில் இருப்பது அதன் வாரிசான யூஇஎஃப்ஐ என்றாலும் கடைகளில் பழைய பெயரே வழங்குகிறது.

எழுத்து எப்படிக் கெடுகிறது?

இந்தச் சிப் ஃப்ளாஷ் நினைவக வகையைச் சேர்ந்தது. தோஷிபாவில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கிய தொழில்நுட்பம். இதில் எழுதுவது ஓலையில் எழுத்தாணி ஓட்டுவதைப் போன்றது: கீறலாம், கீறியதைத் தனியாக அழிக்க முடியாது. எழுதும்போது 1-ஐ 0 ஆக்க மட்டுமே முடியும். 0-ஐ மீண்டும் 1 ஆக்க வேண்டுமானால் குறைந்தது 4 கேபி அளவுள்ள ஒரு பகுதியை மொத்தமாகத் துடைக்க வேண்டும். துடைத்த பின் எழுதி முடிக்கும் முன் மின்சாரம் போனால் அந்தப் பகுதி வெறுமையாகவே நின்றுவிடும்.

பயாஸ் அப்டேட்டின்போது நடக்கும் விபத்து பெரும்பாலும் இதுதான். மடிக்கணினிக்கு பேட்டரி இருக்கிறதே என்று கேட்கலாம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்தவை போன்ற பழைய கணினிகள், பேட்டரி செத்துப்போய் அடாப்டரை நம்பி ஓடுவது வழக்கம். அப்டேட் பாதியில் இருக்கும்போது கரன்ட் போனால் கதை முடிந்தது.

மென்பொருளும் இந்த வேலையைச் செய்திருக்கிறது. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சிஐஎச் வைரஸ் 1999 ஏப்ரல் 26 அன்று விழித்தெழுந்தது. வன்தட்டுகளை அழித்ததோடு, சில வகை மதர்போர்டுகளின் பயாஸையும் குப்பையாக்கியது. 2017 டிசம்பரில் உபுண்டு இயங்குதளத்தின் 17.10 பதிப்பின் டவுன்லோடை, அதை வெளியிடும் கெனானிக்கல் நிறுவனம் நிறுத்திவைத்தது. அதிலிருந்த, பயாஸ் சிப்போடு பேசும் இன்டெல் எஸ்பிஐ டிரைவர், லெனோவோ உள்ளிட்ட சில மடிக்கணினிகளின் பயாஸ் சிப்பை எழுத முடியாதபடி பூட்டிவிட்டதே காரணம். பயாஸ் செட்டிங்கை மாற்றினால் நிற்கவில்லை. யுஎஸ்பியிலிருந்து பூட் செய்ய முடியவில்லை. சிப்பில் பழுதில்லை, எழுதவிடாத பூட்டு மட்டும் விழுந்திருந்தது.

புரோகிராமர் சொல்லும் பொய்

சிப்பைப் படிக்கவும் அதில் எழுதவும் கடைகளில் அதிகம் புழங்கும் கருவி சிஎச்341ஏ என்ற மலிவான யுஎஸ்பி புரோகிராமர். அதன் பரவலான கறுப்பு நிறப் பதிப்பில் ஒரு குறை உண்டு. சிப்புக்கு 3.3 வோல்ட் மின்சாரம் கொடுத்தாலும் டேட்டா கால்களில் 5 வோல்ட் வரை போகும். பல சிப்புகள் இதைத் தாங்கிக்கொள்கின்றன, எல்லாம் தாங்கும் என்று சொல்வதற்கில்லை. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் 1.8 வோல்ட் சிப்புகள் இருக்கின்றன. இடையில் அடாப்டர் இல்லாமல் அவற்றை மாட்டினால் நல்ல சிப்பும் கெடலாம். ஆகவே சிப்பின் முதுகில் உள்ள எண்ணை லென்ஸ் வைத்துக் கடைசி எழுத்து வரை படிக்க வேண்டும். வின்பாண்டின் 25க்யூ64 வரிசையில் எஃப்வி என்று முடிந்தால் 3.3 வோல்ட், எஃப்டபிள்யூ என்று முடிந்தால் 1.8 வோல்ட். பெயரில் உள்ள 64 என்பது மெகாபிட். பைட் கணக்கில் 8 எம்பிதான்.

அடுத்தது தொடர்பு. சிப்பைக் கழற்றாமல் போர்டிலேயே கிளிப் மாட்டிப் படிக்கும்போது, புரோகிராமரின் மின்சாரம் போர்டின் மற்றப் பகுதிகளுக்கும் கசிந்து போகும். அதனால் கிடைக்கும் தரவு தவறாக இருக்கலாம். பேட்டரியைக் கழற்றுவது முதல் படி. அப்படியும் சரிவராவிட்டால் ஹாட் ஏர் வைத்துச் சிப்பை எடுத்துத் தனியாகப் படிப்பதே வழி. படித்ததெல்லாம் 'எஃப்எஃப்' என்று வந்தால் பெரும்பாலும் கிளிப் சரியாக உட்காரவில்லை, அல்லது சிப் காலியாக இருக்கிறது. எல்லாம் பூஜ்ஜியமாக வந்தால் ஷார்ட்டைச் சந்தேகிக்கலாம். இரண்டு முறை படித்து, இரண்டு ஃபைலும் பைட்டுக்கு பைட் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது.

எழுதிய பின் 'வெரிஃபை' செய்வதும் கட்டாயம். "வெற்றி" என்று மென்பொருள் காட்டிவிட்டு, திரும்பப் படித்தால் பழையதே இருக்கும் சம்பவங்கள் உண்டு. சிப்பின் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரில் எழுத்துத் தடை விழுந்திருப்பது அதற்கு ஒரு காரணம். அதை நீக்கி, முழுதும் துடைத்து, மறுபடி எழுத வேண்டும்.

சரியான ஃபைல், தவறான இடம்

இதுவரை எல்லாம் சரி, ஆனாலும் திரை வரவில்லை என்றால் ஃபைலைப் பார்க்க வேண்டும். தயாரிப்பு நிறுவனம் இணையத்தில் தரும் அப்டேட் ஃபைல், சிப்பின் முழு உள்ளடக்கம் அல்ல. இன்டெல் மடிக்கணினியில் சிப் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: எது எங்கே என்று சொல்லும் டிஸ்கிரிப்டர், மேனேஜ்மென்ட் எஞ்சின், சிலவற்றில் நெட்வொர்க் அட்டையின் விவரம், பிறகு பயாஸ். அப்டேட்டில் பலசமயம் பயாஸ் பகுதி மட்டுமே இருக்கும். 6 எம்பி ஃபைலை 8 எம்பி சிப்பின் தொடக்கத்திலிருந்து எழுதினால், கடைசி 16 பைட்டுக்குள் இருக்க வேண்டிய முதல் கட்டளை 2 எம்பி முன்னாலேயே முடிந்துவிடும். பிராசஸர் தேடிப் போகும் இடத்தில் ஒன்றும் இருக்காது. ஃபேன் சுற்றும், திரை வராது.

சில போர்டுகளில் 8 எம்பி, 4 எம்பி என இரண்டு சிப்புகள் சேர்ந்து ஒரே ஃபைலைச் சுமக்கும். அங்கே ஃபைலை அதே அளவில் வெட்டி, வரிசை மாறாமல் எழுத வேண்டும்.

பக்கத்து வீட்டுக் கணினியின் அடையாளம்

அதே மாடல் கணினியிலிருந்து முழு நகல் எடுத்துப் போட்டால் திரை வந்துவிடக்கூடும். தொந்தரவு அதற்குப் பிறகு தொடங்கும். சீரியல் எண், நெட்வொர்க் முகவரி, விண்டோஸ் 8 காலத்திலிருந்து தயாரிப்பிலேயே பதிக்கப்படும் விண்டோஸ் உரிமச் சாவி ஆகியவை பொதுவாக அந்தச் சிப்பில்தான் இருக்கின்றன. நகலை அப்படியே போட்டால் நம் கணினி இன்னொருவர் கணினியின் பெயரில் ஓடும். மேனேஜ்மென்ட் எஞ்சின் பகுதியும் வேறொரு போர்டுக்காகச் செட் ஆனது. அதை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவராமல் எழுதினால், திரை வரத் தாமதமாகலாம், ஃபேன் முழு வேகத்தில் ஓடலாம். அந்தப் பகுதி பழுதாகவே இருந்தால் கணினி ஏறத்தாழ 30 நிமிடத்தில் தானே அணைவதும் உண்டு. 2013-க்குப் பின் வந்த பல கணினிகளில் பூட் கார்டு என்ற காவலும் இருக்கிறது. பயாஸின் கையெழுத்து, சிப்செட்டில் நிரந்தரமாகப் பதித்த அடையாளத்தோடு பொருந்தாவிட்டால் கணினி ஓட மறுக்கும்.

இதனால்தான் பழைய சிப்பைக் குப்பையில் போடக் கூடாது. அப்டேட் பாதியில் நின்ற சிப்பில் கெட்டிருப்பது பெரும்பாலும் பயாஸ் பகுதியில் ஒரு துண்டு மட்டுமே. டிஸ்கிரிப்டரும் சீரியல் எண்ணும் உரிமச் சாவியும் அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம். பழைய சிப்பைப் படித்து வைத்துக்கொண்டு, கெட்ட பகுதியை மட்டும் நிறுவனத்தின் ஃபைலிலிருந்து எடுத்து ஒட்டி, அதைப் புதிய சிப்பில் எழுதுவதே தேர்ந்த டெக்னீஷியன் செய்யும் வேலை. நேரம் பிடிக்கும், ஆனால் கணினி தன் சொந்த அடையாளத்தோடு திரும்பி வரும்.

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினி வழங்குவதாக 2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. புதுக் கணினி கைக்கு வந்தவர்கள் முதல் நாளே செய்துகொள்ள வேண்டியவை இரண்டு. அடிப்பக்க ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வைப்பது ஒன்று. டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் கணினிக்கு வெளியே எழுதி வைப்பது மற்றொன்று. பயாஸ் மாற்றிய பிறகு விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கலாம். அது இல்லாவிட்டால், சிப் சரியாகி, திரை வந்து, டிஸ்க்கும் நன்றாக இருந்தும், புராஜெக்ட் ஃபைலைத் திறக்க முடியாது. கணினியைச் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது கடைக்காரரிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: "புதுசுல எழுதுறதுக்கு முன்னாடி பழசைப் படிச்சு, அந்த ஃபைலை ஒரு பென்டிரைவில் எனக்கும் போட்டுக் கொடுங்கண்ணே." நல்ல டெக்னீஷியன் என்றால் நீங்கள் கேட்பதற்கு முன்பே அதைச் செய்திருப்பார்.