ஊட்டும் கையும் பேசும் வாயும்

பேச்சே வராத சிசுவிடம் கேள்வி கேட்டுப் பதில் பெறுவது எவ்வாறு என்ற பிரச்னைக்கு, 1971-ஆம் ஆண்டில் அமெரிக்க மனோதத்துவ நிபுணரான பீட்டர் ஐமாஸும் அவருடைய சகாக்களும் கண்டுபிடித்த உபாயம் மிக எளியது. ஒரு மாதக் குழந்தைக்கு வேறெந்த வித்தையும் வராவிட்டாலும் சப்புகிற வித்தை பூரணமாகக் கைவந்திருக்கிறதல்லவா? ஆகவே, பால் இல்லாத வெறும் ரப்பர்க் காம்பு ஒன்றைக் குழந்தையின் வாயில் வைத்து, அது பலமாகச் சப்புந்தோறும் ஒலிபெருக்கியில் ஓர் ஒலி எழும்படி அமைத்துவிட்டு, அவர்கள் காத்திருந்தார்கள். ஒரே ஒலியைக் கேட்டுக் கேட்டுச் சலித்த குழந்தை சப்புவதில் ஊக்கம் குன்றியது. அந்தச் சமயம் பார்த்து ஒலியைச் சற்றே மாற்றியதும், புதுமையை உணர்ந்து மறுபடியும் வேகமாகச் சப்பத் தொடங்கியது. 'பம்பரம்' என்று நாம் சொல்லும்போது முதலில் வருகிற பகரத்துக்கும், மகரத்தின் பின்னே குழைந்து வருகிற இரண்டாவது பகரத்துக்கும் உள்ளது போன்ற நுட்பமான வேற்றுமையை, ஒரு மாதக் குழந்தையும் நான்கு மாதக் குழந்தையும் பகுத்தறிகின்றன என்பது இவ்வாறு வெளிப்பட்டது.

பாலுண்ணும் தொழிலே மொழி ஆராய்ச்சிக்குச் சாட்சி சொல்ல வந்த இந்தப் பரிசோதனையை எடுத்த எடுப்பிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. உண்ணும் வாயும் பேசும் வாயும் ஒன்றேயாதலால், குழந்தை சரியாகச் சப்பி, சரியாக மென்று, சரியாக விழுங்கப் பழகிவிட்டால் பேச்சும் தானே வந்துவிடும் என்ற அபிப்பிராயம் நம் வீடுகளில் மாத்திரமன்றி, சிகிச்சை நிலையங்கள் சிலவற்றிலும் வேரூன்றியிருக்கிறது. உணவுக்கும் பேச்சுக்கும் நெருங்கிய சம்பந்தம் இருப்பது மெய்தான். அந்தச் சம்பந்தம் தாடைத் தசைகளில் இருப்பதைக் காட்டிலும், ஊட்டுகிறவர் முகத்துக்கும் உண்கிறவர் முகத்துக்கும் நடுவே உள்ள அந்த ஒரு முழ இடைவெளியில்தான் அதிகமாக இருக்கிறது என்பது என் துணிபு.

தசைகளின் கட்சியை முதலில் கேட்டுவிடலாம். டெக்ஸாஸ் சர்வகலாசாலையின் பீட்டர் மக்நீலேஜ் 1998-இல் வெளியிட்ட கொள்கையின்படி, மெல்லும்போது தாடை திறந்து மூடும் தாளகதியே பரிணாமத்தின் போக்கில் பேச்சுக்குச் சட்டமாக அமைந்தது. 'பபப', 'மமம', 'ததத' என்று எட்டு மாதக் குழந்தை மழலையில் அடுக்குவதெல்லாம் அந்தத் தாடையசைவின் மேல் ஒலி ஏறி உட்கார்ந்ததன் விளைவு. அழகான கொள்கை என்பதில் எனக்கும் ஐயமில்லை; மனித வர்க்கத்தின் ஆதிகாலத்தைப் பற்றி அது மெய்யாகவும் இருக்கலாம். ஆனால், இன்று தொட்டிலில் கிடக்கிற தனியொரு குழந்தையின் விஷயம் வேறு. கிறிஸ்டபர் மூரும் ஜாக்கி ருவார்க்கும், பதினைந்து மாதக் குழந்தைகளின் தாடைத் தசைகளின்மேல் மின்முனைகளை ஒட்டி அளந்து 1996-இல் வெளியிட்ட முடிவு, சப்பும்போதும் மெல்லும்போதும் அத்தசைகள் ஒன்றோடொன்று இசைந்து இயங்கும் முறை வேறு, மழலையிலும் சொல்லிலும் அவை இயங்கும் முறை வேறு என்பது. மாவிடிக்கிற கைதான் கோலமும் போடுகிறது. ஆயினும் உலக்கை பிடித்துத் தேறியதனால் கோலம் படிந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

பேச்சு தாமதப்பட்ட குழந்தைகளுக்கு ஊதல் ஊதவும், உறிஞ்சு குழலில் குடிக்கவும், கன்னத்தை உப்பி நாக்கைச் சுழற்றவும் கற்பிக்கிற பயிற்சிகளால் பேச்சுக்குப் பயனுண்டு என்று நிரூபிக்கப் போதிய ஆதாரம் இல்லையென்று, அதுவரை நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டி ஆராய்ந்த அமெரிக்க நிபுணர்கள் 2009-இல் அறிவித்தார்கள். ஊதல் ஊதுவது குழந்தைக்கு வேடிக்கை. அதை வேடிக்கையாகவே விட்டுவிட்டால் தோஷமில்லை.

அப்படியானால் மெல்லக் கற்பிப்பது அநாவசியமா என்று கேட்டுவிடக் கூடாது. மெல்லுதல் பேச்சுக்காக அல்ல, உணவுக்காகவே கற்கவேண்டிய வித்தை. அதற்கென்று ஒரு பருவமும் உண்டு. பிறந்த குழந்தையின் வாயில் நாக்கே பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். குரல்வளை கழுத்தில் மிக உயரத்தில் இருக்கும். நாக்கில் படும் திடப்பொருளை வெளியே தள்ளிவிடுகிற அனிச்சைச் செயலும் நான்கு முதல் ஆறு மாதம் வரையில் நீடித்திருக்கும். இவையெல்லாம் மெல்ல மெல்ல மாறி, தலை நின்று, குழந்தை சிறிது ஆதாரத்துடன் உட்காரத் தொடங்கும் ஆறாம் மாதத்தில்தான் திட உணவுக்கு வாசல் திறக்கிறது. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் ஒன்றே போதுமென்று உலக சுகாதார நிறுவனம் 2001-இல் விதித்ததும், ஆறாம் மாதத்தில் அன்னப்பிராசனம் என்று நம் முன்னோர் வைத்த வழக்கமும் இவ்விஷயத்தில் ஒன்றுபடுகின்றன.

தொடங்குவதில் நாம் தவறுவதில்லை. தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடுவதில்தான் தவறுகிறோம். மிக்ஸி வந்த பிறகு பருப்பு சாதமும், கேரட்டும், இட்லியும்கூட ஒரே கூழாகி, ஒன்றரை வயது வரையில் கரண்டியிலிருந்து வழிந்து உள்ளே போய்க்கொண்டிருக்கிற வீடுகள் அநேகம். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரைச் சுற்றிய பிரதேசத்தில் 1990-களின் தொடக்கத்தில் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் பெரிய ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது; அதன் விவரங்களைக் கொண்டு 2009-இல் வெளியான கட்டுரையின்படி, கட்டியுள்ள உணவை ஒன்பது மாதத்துக்குப் பின்னரே முதன்முதலில் கண்ட குழந்தைகள், ஏழாம் வயதிலும் காய்களையும் பழங்களையும் குறைவாகவே உண்டார்கள்; உணவு விஷயத்தில் அவர்களுடைய தாய்மார் சொன்ன தொல்லைகளும் அதிகம். காரணம் அதுவேதான் என்று அறுதியிட இத்தகைய ஆராய்ச்சியால் முடியாது. முன்பே விழுங்கச் சிரமப்பட்ட குழந்தைகளுக்குத்தான் தாமதமாகக் கொடுத்தார்களோ என்று ஐயுறவும் இடமுண்டு. என்றாலும், விரலால் மசித்துக் கொடுக்க முடிந்ததை மிக்ஸியில் போடாமல் இருப்பதற்கு அது போதுமான நியாயம். ஏழு, எட்டு மாதத்தில் குழைந்த சாதத்தை விரலால் நசுக்கிக் கொடுப்பதும், ஒன்பது, பத்து மாதத்தில் வெந்த பூசணித் துண்டையோ, வாழைப்பழத் துண்டையோ, இட்லி விள்ளலையோ குழந்தையின் கையிலேயே கொடுத்துவிடுவதும் சரியான கிரமம்.

கட்டி நாவில் பட்டதும் குழந்தை ஓங்கரிக்கும். தாய்மாரை அச்சுறுத்தி மறுபடியும் கூழுக்கே துரத்துவது இதுதான். ஓங்கரிப்பைத் தூண்டும் இடம் பெரியவர்களுக்கு அடிநாவில் இருக்க, சிசுக்களுக்கு நாவின் முன்பக்கத்துக்குச் சமீபமாகவே இருப்பதனால், அவர்கள் அடிக்கடி ஓங்கரிப்பது இயல்பு. அது தொண்டையைக் காக்கும் ஏற்பாடேயன்றி ஆபத்தன்று. சத்தமே எழாமல், இருமவும் அழவும் முடியாமல் குழந்தை திணறுவதுதான் ஆபத்து. ஆகையால் முழு நிலக்கடலை, முழுத் திராட்சை, உருண்டையான கடின மிட்டாய் இவற்றைச் சிறு குழந்தைகளின் கைக்கு எட்டவிடாமல் வைப்பதும், படுத்தபடியோ ஓடியபடியோ உண்ணவிடாமல் இருப்பதும் கண்டிப்பாகக் கைக்கொள்ளத்தக்கவை. புதிய காயை ஒருமுறை துப்பிவிட்டதனாலேயே பிடிக்கவில்லை என்று தீர்மானிப்பதும் சரியன்று. எட்டுப் பத்துத் தடவை வற்புறுத்தாமல் சுவைக்கக் கொடுத்தபின் குழந்தைகள் விரும்பத் தொடங்குவதை லீயான் பர்ச் முதலியோர் 1980-களிலேயே கண்டிருக்கிறார்கள்.

இனி அந்த ஒரு முழ இடைவெளிக்கு வருவோம். பாலுண்ணும் சிசு இடைவிடாமல் உறிஞ்சுவதில்லை. சிறிது நேரம் தொடர்ந்து உறிஞ்சி, பின்பு நிறுத்தி, மறுபடியும் தொடங்குகிறது. நிறுத்தியதும் தாய் என்ன செய்கிறாளென்று 1970-களில் கூர்ந்து கவனித்த கென்னத் கே, அவள் தன்னையறியாமலே குழந்தையை மெல்ல அசைத்துவிடுகிறாள் என்றும், அந்த அசைப்பு நின்றபிறகுதான் குழந்தை மறுபடி உறிஞ்சத் தொடங்குகிறது என்றும், சில வாரங்களில் தாய் இதைக் கற்றுக்கொண்டு அசைக்கும் நேரத்தைச் சுருக்கிக்கொள்கிறாள் என்றும் எழுதினார். நீ ஒரு முறை, நான் ஒரு முறை. நீ செய்கையில் நான் காத்திருப்பேன், நான் நிறுத்தியதும் நீ தொடங்கு. சம்பாஷணையின் இலக்கணம் இவ்வளவுதானே? ஒரு சொல்லும் பிறப்பதற்கு முன்பே, பிறந்த சில நாட்களிலேயே, ஸ்தன்யபானத்தில் இந்த இலக்கணம் பயிலப்படுகிறது என்பது கேயின் கருத்து.

திட உணவு தொடங்குகிற அந்த ஆறு முதல் பன்னிரண்டாம் மாதம் வரையிலான காலமே ஒலிகளுக்கும் முக்கியமான பருவமாயிருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் நமக்கு மிகவும் அநுகூலமான தற்செயல். கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்டபடி, ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளும் ஆறு முதல் எட்டு மாதத்தில் ஹிந்தியின் தகர டகரங்களைப் பிரித்தறிகின்றன. பத்து மாதத்துக்கு மேல் அந்தத் திறமை விரைவாகக் குன்றிவிடுகிறது. சுற்றிலும் கேளாத வேற்றுமையைச் செவி கைவிட்டு, கேட்கிற வேற்றுமையைக் கூர்மையாக்கிக்கொள்கிறது. சியாட்டிலில் பாட்ரிஷியா கூல் இதே பருவத்துக் குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2003-இல் வெளியிட்ட பரிசோதனையில், சீன மொழி பேசுவோர் நேரில் உட்கார்ந்து விளையாடிய அமெரிக்கக் குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பற்றிக்கொண்டன. அதே பேச்சைத் திரையில் மட்டும் கண்ட குழந்தைகள் ஒன்றையும் பற்றவில்லை. அதே ஆண்டில் மைக்கேல் கோல்ட்ஸ்டீன் காட்டியது இன்னும் நுட்பமானது: எட்டு மாதக் குழந்தை மழலை பேசியதும் தாய் உடனே புன்னகைத்தோ தொட்டோ மறுமொழி தந்தால், அந்த மழலை கணத்திலேயே தெளிவடைகிறது, அதே புன்னகையும் தொடுகையும் வேளை தவறி வந்தால் அந்தப் பயன் இல்லை.

ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை, தவறாமல், இருவர் முகமும் ஒரே மட்டத்தில் எதிரெதிரே அமைகிற சந்தர்ப்பம் ஊட்டும் வேளையைத் தவிர வேறென்ன இருக்கிறது? 'காக்கா எங்கே? அதோ பார், காக்கா' என்று முற்றத்தில் நின்று சோறூட்டுகிற பாட்டி, ஒரே பொருளின்மேல் இரண்டு பேருடைய பார்வையையும் நிறுத்தி அதற்குப் பெயரும் சொல்லிவிடுகிறாள். மொழி கற்றலுக்கு இதைவிடச் சிறந்த பீடிகை இல்லையென்று மனோதத்துவ நிபுணர் ஜெரோம் புரூனர் போன்றவர்கள் நூல்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால், காக்கையைக் காட்டி, வாய் பிளந்த சமயத்தில் வேண்டாத கவளத்தை உள்ளே தள்ளிவிடுகிற சாமர்த்தியத்தை நான் புகழமாட்டேன். எதை, எப்போது கொடுப்பது என்பதைப் பெரியவர்களும், எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தையும் தீர்மானிக்கவேண்டுமென்று உணவியல் நிபுணர் எலின் சாட்டர் வகுத்த விதி இங்கே அடிபட்டுப்போகிறது. போதும் என்று முகத்தைத் திருப்புவதும் ஒரு வாக்கியம். அதை ஒருவர் கேட்டு நடக்கிறார் என்று கண்ட குழந்தைக்கே, மறுபடி ஏதேனும் சொல்லவேண்டுமென்ற ஆசை உண்டாகும்.

செல்போன் உண்பது, பேசுவது இரண்டையும் கெடுக்கிறது. திரையில் லயித்த குழந்தை பசியையும் அறியாமல் வயிறு நிறைந்ததையும் அறியாமல் விழுங்குகிறது; ஊட்டுகிறவரோ பேசுவதை நிறுத்திவிடுகிறார், ஏனெனில் கேட்பாரில்லை. காக்கை இருவருக்கும் பொது, திரையோ ஒருவருக்கே. இரண்டு வயது நிரம்பாதவர்களுக்குத் திரையே கூடாதென்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாதென்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது உணவுவேளையைக் கருதி மட்டுமல்ல. ஆனால் முதலில் அமுல் செய்யத்தக்க இடம் அதுவே.

சிசுவிடம் இடையறாது பேசிக்கொண்டேயிருக்க வேண்டுமோ என்று மலைக்க வேண்டியதில்லை. பாப்புவா நியூ கினியின் காலுலி மக்களிடையே வாழ்ந்து ஆராய்ந்த பாம்பி ஷீஃபெலின், அத்தாய்மார் சிசுவைத் தங்களை நோக்கி வைத்துக்கொண்டு கொஞ்சாமல், பிறரை நோக்கித் திருப்பிப் பிடித்து, அதன் சார்பாகத் தாங்களே கீச்சுக் குரலில் பேசுகிறார்கள் என்று கண்டார். காலுலிக் குழந்தைகளும் தம் மொழியைக் குறைவறக் கற்கின்றன. வழிகள் பல உண்டு. மனிதர் நடுவே இருத்தல் என்பதுதான் எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கிறது. பிற்காலப் பள்ளிக்கூடத்தை எண்ணி, தாங்களே சரளமாகப் பேசாத ஆங்கிலத்தில் ஊட்டும் வேளையை நடத்துகிற பெற்றோர் இதைச் சற்றுச் சிந்திக்கலாம்.

பேச்சு வருவதற்காக வசம்பைச் சுட்டு உரைத்துத் தேனில் குழைத்து நாவில் தடவுவது நம்மிடையே பழைய வழக்கம். வசம்பெண்ணெய் எலிகளுக்குக் கட்டிகளை உண்டாக்கியதைக் கண்டு அமெரிக்க அரசாங்கம் 1968-லேயே அதை உணவில் சேர்ப்பதைத் தடைசெய்தது; தேனோ, அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துக்களால், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு வாதம் போன்ற கொடிய நோயை விளைவிக்கக்கூடும். நாவின் அடியிலுள்ள ஜவ்வை வெட்டிவிட்டால் பேச்சு வந்துவிடும் என்பதும் அவ்வாறே ஆதாரமற்றது. சில சிசுக்களுக்குப் பாலுண்ண அது இடையூறாகலாமேயன்றி, சொல் தோன்றாமைக்கு அது காரணமாவதில்லை.

காரணம் தேடவேண்டிய முதல் இடம் செவி. செவிப்புலன் குன்றிய சிசுவும் முதல் சில மாதங்களில் மற்றக் குழந்தைகளைப்போலவே குரலெழுப்பும். 'பபப' என்று அடுக்கும் மழலைதான் அதனிடம் தாமதிக்கும். ஆகையால் பத்து மாதம் கடந்தும் அத்தகைய மழலை இல்லாவிட்டாலும், ஒன்றரை வயதுக்குள் ஒரு சொல்லும் வராவிட்டாலும், இரண்டு வயது முடிந்தும் இரு சொற்களைக் கோக்காவிட்டாலும் செவியைப் பரிசோதிப்பது அவசியம். குழந்தையின் ஒத்துழைப்பே இல்லாமல், அது உறங்கும்போதே செய்துவிடக்கூடிய பரிசோதனை அது. வந்த சொற்கள் மறைந்துபோனாலோ ஒரு நாளும் காத்திருக்கலாகாது. மெல்லும்போதெல்லாம் புரையேறுவதும், எடை ஏறாமல் நிற்பதும் வைத்தியரிடம் காட்டவேண்டிய விஷயங்களே. மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்திய பேச்சு, செவிப்புலன் நிலையமும், 2013 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் ஆரோக்கியத் திட்டத்தின் மாவட்ட மையங்களும் இதற்காகவே இருக்கின்றன.

'இவன் தகப்பனும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான்' என்று வீட்டுப் பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பொய்யன்று. தாமதித்துப் பேசுகிற குழந்தைகளில் பெரும்பாலோர் பின்னால் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். எட்டிப் பிடிக்கப்போகிறவன் எவன், பிடிக்கமாட்டாதவன் எவன் என்று இரண்டு வயதில் நிச்சயமாகப் பிரித்துச் சொல்ல இன்றைய சாஸ்திரத்தாலும் முடியவில்லை. தகப்பனுக்கு அந்தக் காலத்தில் செவிப் பரிசோதனை செய்து பார்க்கவில்லை. மகனுக்குச் செய்து பார்க்கலாம்.