‘நான்’ என்றால் சுயசரிதையா?

வாழ்க்கை வரலாற்றின் பண்புகள் எவை என்று கேட்டால் பிள்ளைகள் தடக்கமில்லாமல் ஒப்புவிப்பார்கள்: படர்க்கையில் இருக்கும், பிறப்பில் தொடங்கும், ஆண்டுகள் வரும். விடைத்தாளுக்கு இது போதும். ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்து, இது எந்த வகை என்று கேட்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

திருகோணமலை மாவட்டத்துக் கட்டைபறிச்சானில் படிப்பிக்கும் ஆசிரியர் உதாரணத்துக்குத் தூரம் போகத் தேவையில்லை. பக்கத்து மூதூரில் 1925இல் பிறந்த வ. அ. இராசரத்தினம் ஆசிரியராக வேலை பார்த்தவர். அவருடைய ‘தோணி’ சிறுகதையில், தனக்கென்று ஒரு தோணி வேண்டும் என்ற ஆசையை மீனவப் பையன் ஒருவன் ‘நான்’ என்றே சொல்கிறான். ‘நான்’ என்றதும் சுயசரிதை என்று எழுதிவிடுகிற பிள்ளை இங்கே மாட்டிக்கொள்ளும். இராசரத்தினத்தின் ‘இலக்கிய நினைவுகள்’ நூலிலும் ‘நான்’ உண்டு. ஆனால் அங்கே பேசுவது அவரேதான். இந்த இரண்டோடு, அவரைப் பற்றி வேறொருவர் எழுதிய கட்டுரையையும் வைத்தால் கதை, தன்வரலாறு, வாழ்க்கை வரலாறு மூன்றும் ஒரே மேசைக்கு வந்துவிடும். சொல்பவர் யார், அவருக்கு இது எப்படித் தெரியும் என்ற இரண்டு கேள்விகளும் பண்புப் பட்டியலைவிட நன்றாக வேலை செய்யும்.

இரண்டாவது கேள்விக்கு உ. வே. சாமிநாதையரை மிஞ்சிய பாடம் இல்லை. தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். பிள்ளை பிறந்தது 1815இல். சாமிநாதையர் பிறந்தது 1855இல். முதல் நாற்பது ஆண்டுகளை அவர் கண்ணால் கண்டிருக்க வழியே இல்லை. பிறரைக் கேட்டும் தேடியும்தான் எழுத வேண்டியிருந்தது. 1940 முதல் ‘ஆனந்த விகடன்’ இதழில் வந்த ‘என் சரித்திரம்’ தொடரிலும் அதே ஆசிரியர் வருகிறார். அங்கே அவர் ஒரு மாணவன் பக்கத்தில் இருந்து பார்த்த மனிதர். 1942இல் சாமிநாதையர் காலமானதால் அந்தத் தொடர் முடியாமல் நின்றது. தன் வாழ்க்கையைத் தானே எழுதுகிறவருக்குக் கடைசி அத்தியாயம் ஒருநாளும் கிடைக்காது.

படித்தபின் பிள்ளைகள் எழுதியும் பார்க்கவேண்டும். வீட்டில் உள்ள மூத்தவர் ஒருவரே போதும். ஆனால் சுனாமியும், 2006இல் மூதூர் கிழக்கு மக்களைப் பெயர்த்த போரும் கண்ட ஊர்ப்பக்கம் இது. பிறப்புச் சான்றிதழும் பழைய படங்களும் எல்லா வீட்டிலும் மிஞ்சியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அப்படிப்பட்ட வீட்டில் பேச்சுத்தான் ஆவணம். “யப்பான்காரன் குண்டு போட்டபோது நான் கைக்குழந்தை” என்று அம்மம்மா சொன்னால், திருகோணமலை மீது யப்பானிய விமானங்கள் குண்டு வீசிய 1942 ஏப்ரல் 9ஐ வைத்து அவர் வயதைக் கணக்கிடலாம். பெரும்புயல் என்று சொன்னால், அது தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர்ப் புயலா, கிழக்கை உலுக்கிய 1978 சூறாவளியா என்று திருப்பிக் கேட்கவேண்டும்.

அம்மம்மாவும் அவர் தம்பியும் ஒரே சம்பவத்தை வேறுவேறாகச் சொன்னால், இன்னார் சொன்னது இது என்று இரண்டையும் எழுதலாம். யாரும் சொல்லாத உரையாடலை மேற்கோள் குறிக்குள் போட்டுவரும் பிள்ளையிடம்தான் ஆசிரியர் கேட்கவேண்டும்: “இதை உனக்கு ஆர் சொன்னது?”