முதல் ஊசிக்கு முன் ஒரு சொட்டு ரத்தம்!

மழை ஓய்ந்து வெயில் அடித்தால் உண்ணிகள் பெருகும். கூடவே காய்ச்சலும் வரும். கலப்பினப் பசுக்கள்தான் அதிகம் பாதிக்கப்படும். தீவனம் எடுக்காது, பால் பாதியாகக் குறையும். உடனே பலரும் 'உண்ணிக் காய்ச்சல்' என்று ஏதோ ஓர் ஊசியைப் போட்டுவிடுகிறார்கள். ஆனால், உண்ணி பரப்பும் காய்ச்சல் ஒன்றல்ல. நம் பகுதியில் முக்கியமாக மூன்று உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு.

தைலேரியா: 104 டிகிரிக்கு மேல் காய்ச்சல். தோள்பட்டைக்கு முன்னால் நெறி கட்டும்.

பபேசியா: சிறுநீர் காபி நிறத்தில் போகும்.

அனாபிளாஸ்மா: ரத்தம் குறைந்து, கண், வாய் சவ்வுகள் வெளுத்து மஞ்சளாகும். இது பாக்டீரியா வகை.

தொடக்கத்தில் மூன்றிலும் வெறும் காய்ச்சல்தான் தெரியும். அதனால்தான் பரிசோதனை அவசியம்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

காது நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் மெல்லியதாகத் தடவி உலர்த்துவார்கள். பிறகு ஜீம்சா சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். சிவப்பணுவுக்குள் சிறு மோதிரம் அல்லது கமா போலத் தெரிந்தால் தைலேரியா. பேரிக்காய் வடிவில் ஜோடியாக இருந்தால் பபேசியா. அணுவின் ஓரத்தில் கரும்புள்ளியாக இருந்தால் அனாபிளாஸ்மா. நெறி கட்டியிருந்தால் அதிலிருந்தும் ஊசியால் நீர் எடுத்துப் பார்ப்பார்கள்.

கிருமி மிகக் குறைவாக இருந்தால் ஸ்லைடில் தப்பிவிடும். அப்போது பி.சி.ஆர். பரிசோதனை உதவும். அது கிருமியின் மரபணுவையே தேடிப் பிடிக்கும். இதற்கு ரத்தம் உறையாத மருந்துள்ள, ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுப்பார்கள். குழாயை ஐஸ் பெட்டியில் கொண்டுபோகலாம். ஃபிரீசரில் வைக்கக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது

மருந்து ஏறிய பிறகு எடுத்த ரத்தத்தில் கிருமி தெரியாமல் போகலாம். ஆகவே, ஊசிக்கு முன்பே ரத்தம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஏற்கெனவே மருந்து கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

வாசகர் கேள்வி

ஸ்லைடில் ஒன்றுமில்லை என்றார்கள். மாட்டுக்கு நோயே இல்லையா?

அப்படி முடிவு செய்யாதீர்கள். காய்ச்சல் தொடர்ந்தால் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள், பி.சி.ஆர். பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

குணமான மாட்டால் மற்ற மாடுகளுக்கு ஆபத்து உண்டா?

உண்டு. தேறிய மாட்டின் ரத்தத்தில் கிருமி மறைந்திருந்து, உண்ணி வழியே அடுத்த மாட்டுக்குப் போகும். எனவே, தொழுவத்தின் சுவர் வெடிப்புகளைப் பூசி, உண்ணியைக் கட்டுப்படுத்துங்கள். வெளியிலிருந்து மாடு வாங்கினால், மந்தையில் சேர்க்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

மாட்டை நடத்திக் கொண்டுபோக முடியாத நிலை என்றால், 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழையுங்கள். ஒரு சொட்டு ரத்தத்துக்காகச் செலவாகும் சிறிது நேரம், ஒரு கறவை மாட்டையே காப்பாற்றும்.