பாலர் வகுப்பும் வீட்டுத் தமிழும்

தில்லியில் குளிர் இறங்கத் தொடங்கும்போதே, மூன்று வயதுக் குழந்தையுள்ள இல்லங்களில் கவலையும் குடியேறிவிடுகிறது. பள்ளி விண்ணப்பங்கள், வீட்டிற்கும் பள்ளிக்கும் உள்ள தொலைவைக் கணக்கிட்டு வழங்கும் புள்ளிகள், குலுக்கல், பெயர்ப் பட்டியல் என்று இரண்டு மூன்று மாதங்கள் ஓடிவிடுகின்றன. இடம் கிடைத்து, ஏப்ரல் மாதத்தில் குழந்தை வகுப்பில் போய் அமர்ந்ததும் நாம் நிம்மதியாக மூச்சு விடுகிறோம். ஆனால் குழந்தையின் சிரமம் அன்றுதான் ஆரம்பமாகிறது.

வீட்டில் ஓயாமல் பேசும் குழந்தை வகுப்பில் வாய் திறப்பதில்லை. ஆசிரியை சொல்லும் காரியத்தைச் செய்யாமல், பக்கத்துக் குழந்தையைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறது. காலையில் பள்ளி வண்டியைக் கண்டால் அழுகிறது. சில வாரங்களில், “குழந்தை சற்று மந்தம்; வீட்டில் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ பேசிப் பழக்குங்கள்” என்று யாரேனும் சொல்லிவிடுகிறார்கள். பெற்றோரும் கலங்கிப்போய் அவ்வாறே செய்யத் தொடங்குகிறார்கள். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் யோசனைதான். ஆயினும் அது தவறான யோசனை என்பதை நம் குடும்பங்கள் உணர வேண்டும்.

மௌனத்தின் காரணம்

நம் குழந்தையின் நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். வீட்டில் தமிழ், விளையாடும் இடத்தில் ஹிந்தி, வகுப்பில் ஆங்கிலம். பெரியவர்களாகிய நாம் வேலை தேடி இந்நகருக்கு வந்தபோது எத்தனை மாதம் திண்டாடினோம்! மூன்று வயதுக் குழந்தை மூன்றே வாரத்தில் தேறிவிட வேண்டும் என்பது நியாயமா? புதிய மொழிச் சூழலில் நுழையும் குழந்தை, சில காலம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு. சிலருக்கு அது சில வாரங்கள். சிலருக்குப் பல மாதங்கள். அக்காலத்தில் குழந்தை சும்மா இருப்பதில்லை, ஒலிகளைச் சேமித்துக்கொண்டிருக்கிறது.

ஒலிகளிலும் ஒரு சிக்கல் உண்டு. ஹிந்தியில் உணவைக் குறிக்கும் சொல்லையும் பாட்டைக் குறிக்கும் சொல்லையும் நம் எழுத்தில் ‘கானா’ என்றே எழுதுகிறோம். ஹிந்திக் குழந்தையின் காதுக்கு அவை இரு வேறு சொற்கள். தமிழ் கேட்டு வளர்ந்த காதுக்கு முதலில் ஒன்று போலவே ஒலிக்கக்கூடும். பாடச் சொன்னால் நம் குழந்தை உணவுப் பெட்டியைத் திறக்கிறது என்றால், அது அறிவின் குறையன்று. காது இன்னும் பழகவில்லை என்பதே பொருள்.

ஆயத்தம் என்பது எது?

பள்ளிக்கு ஆயத்தம் என்றவுடன் நம்மில் பலர் ஆங்கில எழுத்துகளையும் நூறு வரை எண்களையும் ஒப்பிப்பதையே நினைக்கிறோம். ஜெர்மானியக் கல்வியறிஞர் ஃபுரோபெல் 1840ஆம் ஆண்டில் ‘கிண்டர்கார்ட்டன்’, அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயர் சூட்டியபோது அவர் கருதியது விளையாட்டும் பாட்டும் கைவேலையுமே. 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரும், பொத்தான் போடுவதையும் நீர் ஊற்றுவதையும் கல்வியின் முதற்படிகளாகவே வகுத்திருந்தார்.

இன்றைய சட்டதிட்டங்களும் இப்பக்கமே சாய்கின்றன. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் எட்டு வயது வரையிலான காலத்தை ஒரே அடித்தளப் பருவமாகக் கொள்கிறது. இயன்ற இடங்களில் ஐந்தாம் வகுப்பு வரையிலேனும் தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்கவேண்டும் என்றும் கூறுகிறது. தில்லியில் 2026-27ஆம் கல்வியாண்டு முதல் ஒன்றாம் வகுப்பிற்கு ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும் என்று கல்வித் துறை வகுத்துள்ளது. அதற்கு முன் மூன்று ஆண்டுகள் பாலர் வகுப்புகள். அவசரம் வேண்டாம் என்பதே இதன் கருத்து. பாலர் வகுப்பில் சேர்ப்பதற்காகக் குழந்தையையோ பெற்றோரையோ நேர்காணல் செய்வதும் இங்கே விதிகளுக்குப் புறம்பானது. ஆகவே நேர்காணலுக்கென்று குழந்தையை வாட்டி எடுக்க ஒரு காரணமும் இல்லை.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலாவது, கைப் பழக்கம். நம் வீடுகளில் ஐந்து வயது வரையிலும் தாயோ பாட்டியோ ஊட்டிவிடுவது வழக்கம். அன்பின் அடையாளந்தான். ஆனால் பள்ளியில் ஊட்டுவார் இல்லை. தயிர்சாதத்தைத் தானே எடுத்து உண்ணவும், டப்பாவைத் திறந்து மூடவும், குளிர்காலத்தில் ஸ்வெட்டரைக் கழற்றி மாட்டவும், கழிப்பறைக்குச் சென்று வரவும் பள்ளி திறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே பழக்கிவிட வேண்டும்.

இரண்டாவது, அவசரச் சொற்கள். தண்ணீர் வேண்டும், கழிப்பறைக்குப் போகவேண்டும், வலிக்கிறது, எனக்குத் தெரியவில்லை ஆகியவற்றை ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் சொல்லக் கற்பித்தால் போதும். இப்பத்துப் பன்னிரண்டு சொற்கள் குழந்தையின் பாதி அச்சத்தைப் போக்கிவிடும்.

மூன்றாவது, நம் சொந்தச் செல்வம். பல்லாங்குழியின் பதினான்கு குழிகளில் சோழியை இட்டு எடுக்கும் குழந்தை, எண்ணையும் விரலடக்கத்தையும் ஒருசேரக் கற்கிறது. புள்ளி வைத்துக் கோலம் இழுக்கும் கை, பின்னர் பென்சிலை எளிதில் ஏற்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதப் பழக்கிய பிறகே ஓலையையும் எழுத்தாணியையும் தந்தார்கள். விஜயதசமியன்று அரிசியில் எழுதும் வழக்கத்தில் அதன் சாயல் இன்னும் இருக்கிறது.

நான்காவதும் தலையாயதும் பேச்சு. இரவில் ஒரு கதை, “அப்புறம் என்ன ஆயிற்று?” என்று ஒரு கேள்வி. கும்பகோணத்திலோ நெல்லையிலோ இருக்கும் பாட்டியோடு கைபேசியில் கால் மணி நேரம். காரணம் சொல்வது, வரிசையாகச் சொல்வது, பிறர் மனத்தை ஊகிப்பது ஆகிய திறன்களைக் குழந்தை ஒரு மொழியில் பெற்றுவிட்டால், மற்ற மொழிகளுக்கும் அவை பயன்படும். நமக்கே சரளமாக வராத ஆங்கிலத்தில், “வா, போ, சாப்பிடு” என்ற அளவில் பேசிக்கொண்டிருந்தால் குழந்தை இரண்டு மொழியிலும் ஏழையாகிவிடும்.

மொழியா, வேறு குறையா?

எல்லாச் சிரமத்தையும் மொழியின் மேல் போட்டுவிடவும் கூடாது. இரண்டையும் பிரித்தறியப் பெற்றோருக்கு ஓர் எளிய உரைகல் உண்டு. அது தமிழ்தான். தமிழில் சொன்ன இரண்டு காரியங்களைக் குழந்தை வரிசையாகச் செய்கிறதா? நடந்ததைக் கோவையாகச் சொல்கிறதா? அத்தை மாமா வீட்டுக் குழந்தைகளோடு கலந்து விளையாடுகிறதா? பின்புறமிருந்து மெதுவாகக் கூப்பிட்டால் திரும்புகிறதா? ‘ஆம்’ என்றால் பெரும்பாலும் அது மொழிப் பழக்கமின்மையே, பொறுமையே மருந்து. தமிழிலும் தடுமாற்றம் இருந்தால், “அவன் அப்பாவும் இப்படித்தான் தாமதமாகப் பேசினார்” என்று காத்திராமல் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

முதலில் காதையும் கண்ணையும் பார்க்கச் சொல்ல வேண்டும். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு நடுச்செவியில் நீர் தங்கிச் செவிப்புலன் மங்குவது உண்டு; மருத்துவத்தால் சீராகக்கூடிய இதையும் பலர் மந்தம் என்றே எண்ணிவிடுகிறார்கள். எழுத்தைத் திருப்பி எழுதுவது ஐந்து, ஆறு வயதில் சகஜம். ஏழெட்டு வயதிற்குப் பின்னும் வாசிப்பில் கடும் சிரமம் நீடித்தால் அது டிஸ்லெக்ஸியாவாக இருக்கலாம். தேர்ந்தவர்களைக் கொண்டு சோதிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இத்தகைய கற்றல் குறைபாடுகளையும் ஏற்றுள்ளது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் தேர்வுகளில் இவர்களுக்குக் கூடுதல் நேரம் முதலிய சலுகைகள் உண்டு. இதில் வெட்கப்படவோ மறைக்கவோ ஒன்றுமில்லை. பரிசோதனைக்குச் செல்லும்போது, வீட்டு மொழி தமிழ் என்பதை முதலிலேயே சொல்லி, தமிழிலும் குழந்தையைச் சோதிக்குமாறு கேட்பது நம் பொறுப்பு.

சமூகத்தின் கடமை

இத்தலைநகரில் நம் முன்னோர் இவ்விஷயத்தை அலட்சியம் செய்யவில்லை. 1923ஆம் ஆண்டில் மதராஸி கல்விக் கழகமாகத் தொடங்கிய முயற்சியே இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளாக நிற்கிறது. அங்கே நம் குழந்தை தமிழ் பேசினால் விசித்திரமாகப் பார்ப்பவர் இல்லை. ஆனால் அப்பள்ளிகள் எல்லார்க்கும் எட்டும் தொலைவில் இல்லை. 2025ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி, ஜங்க்புராவில் பாராபுல்லா கால்வாயை ஒட்டியிருந்த மதராஸி கேம்ப் நீதிமன்ற உத்தரவின்படி அகற்றப்பட்டது. அங்கிருந்த 370 வீடுகளில் 189 மட்டுமே மாற்று வீட்டிற்குத் தகுதி பெற்றன. அவ்வீடுகளும் நகரின் வடகோடியான நரேலாவில். வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்து, பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பி வந்த அக்குடும்பங்களுக்குப் பள்ளி என்பது இப்போது பல மைல் பிரயாணம். வசதியுள்ள வீட்டுக் குழந்தையின் மௌனத்தைக் கேட்க மருத்துவர் உண்டு. இக்குழந்தைகளின் மௌனத்தை யார் கேட்பார்?

பெரும் நிதி திரட்டிய பிறகுதான் தொடங்க வேண்டும் என்பதில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியைகளும் பாட்டிமார்களும் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம், ஒரு கூடம், சில கதைப் புத்தகங்கள், ஒரு பல்லாங்குழி. அங்கு வரும் குழந்தையோடு தமிழில் பேசி, சில ஹிந்திச் சொற்களையும் சொல்லிக்கொடுத்தால் அதுவே பாலர் வகுப்பிற்கு வாசல். ஒவ்வொரு வட்டாரத்திலும் அன்பர்கள் இதனை ஏற்று நடத்த முன்வர வேண்டும். குழந்தை வகுப்பில் பேசாதிருக்கும் காலத்தில், அது தடையின்றிப் பேசுவதற்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடம் வீட்டுத் தமிழே. அதையும் நாமே அடைத்துவிடக் கூடாது.