அரைப்பேரும் ஆடுகளமும்

மலைநாட்டுத் தோட்டங்களில் "அரைப்பேர்" என்ற சொல்லை அறியாதார் இலர். கொழுந்தின் நிறை குறைந்தால் அன்றைய கூலியிற் பாதியே கணக்கில் ஏறும். அதே மலைகளில், டிக்கோயாவை அடுத்த தரவளையிலும் நானுஓயாவை அடுத்த ரதல்லையிலும், தோட்டத்துரைமார் றக்பி ஆடிய மைதானங்கள் உள்ளன. மாதச் சம்பளக்காரராகிய அவர்களுக்கு, ஆடப் போனால் அரைப்பேர் விழுமோ என்ற அச்சம் இருந்ததில்லை. ஆனால் இங்கிலாந்தில், இந்தக் கூலிக் கேள்வியே அவ்விளையாட்டை இரண்டாகப் பிளந்தது.

வட இங்கிலாந்தில் றக்பி ஆடியோரிற் பலர் நிலக்கரிச் சுரங்கங்களிலும் பஞ்சாலைகளிலும் உழைத்தவர்கள். அக்காலத்திற் சனிக்கிழமை காலையும் வேலைநேரமே. வெளியூர் ஆட்டத்துக்குச் சென்றவர் கூலியை இழந்தார். அந்த இழப்புக்கு ஈடாக நாளொன்றுக்கு 6 ஷில்லிங் கொடுக்க இடந்தர வேண்டுமென வடக்குக் கழகங்கள் வாதாடின. பணம் பெற்று ஆடுதல் தகாது எனத் தலைமைச் சங்கம் மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29 ஆம் நாள் அக்கழகங்கள் ஹடர்ஸ்பீல்ட் நகரிற் கூடித் தனிவழி கண்டன. 1906 இல் அணிக்கு 15 பேர் என்பதை 13 ஆகக் குறைத்தன. இவ்வாறு உருவானதே றக்பி லீக்.

இவ்வழியில் உயர்ந்தவர்களுள் ஒருவர் பில்லி பொஸ்டன். இவர் 1934 இல் வேல்ஸ் நாட்டின் கார்டிப் துறைமுகப் பகுதியிற் பிறந்தவர். தந்தையார் ஆப்பிரிக்காவின் சியரா லியோன் நாட்டவர். சொந்த ஊரின் பெருங்கழகத்தில் ஆடுவதே அவருடைய இளமைக் கனவு. அங்கிருந்து அழைப்பு வரவில்லை. 1953 இல் விகன் என்னும் நிலக்கரி நகரத்தின் லீக் கழகம் 3,000 பவுண் கொடுத்து அவரைச் சேர்த்துக்கொண்டது.

ஆடுகளத்தின் ஓரத்தில் நின்று, கைக்கு வந்த பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து ஓடுபவரே விங்கர். அவ்வாறு கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் வைப்பது "ட்ரை" எனப்படும். விகனுக்காக ஆடிய 488 ஆட்டங்களில் பொஸ்டன் பெற்றவை 478 ட்ரைகள். 1954 இல் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துச் சுற்றுப்பயணத்தில் மட்டும் 36 பெற்றார். அப்பயணத்துக்குத் தெரிவான முதற் கறுப்பின வீரரும் அவரே.

ஆயினும் நிறவெறி அவரை விடவில்லை. 1957 இல் உலகக் கிண்ணப் போட்டி முடிந்து திரும்பும் வழியில் அணியினர் தென்னாபிரிக்காவிற் காட்சி ஆட்டங்கள் ஆடினர். கறுப்பினத்தவரான பொஸ்டன் தனியே தாயகம் திரும்பினார். அவரைத் தம்மவராக ஏற்ற விகன் மக்கள் 2016 இல் நகரின் நடுவே அவருக்குச் சிலை எழுப்பினர். 2025 இல் "சேர்" பட்டம் கிடைத்தது. றக்பி லீக் வீரர் ஒருவர் அதனைப் பெற்றது அதுவே முதன்முறை.

பழைய தலைமைச் சங்கத்தின் றக்பியிலும் ஊதியம் அனுமதிக்கப்பட்டது 1995 இல். ஆறு ஷில்லிங்கின் நியாயம் விளங்க ஒரு நூற்றாண்டு சென்றது! ஏற்ற இறக்கத்தில் நடந்து பழகிய உரமான கால்கள் நம் மலைநாட்டிலும் உண்டு. ஒருநாட் கூலியை இழக்காமல் ஆடும் வாய்ப்பு அமைந்தாலன்றி, அக்கால்களின் வேகத்தை எவரும் அறியப்போவதில்லை.