நீர்த்தேக்கங்களில் பருவகாலப் பாஸ் மீன்பிடிப்பு

நீர்த்தேக்கங்களில் பருவகாலப் பாஸ் மீன்பிடிப்பு என்பது, அணை கட்டி உருவாக்கப்பட்ட ஏரிகளில் வாழும் பாஸ் மீன்கள் ஆண்டின் எக்காலத்தில் எங்கு தங்குகின்றன என்பதை அறிந்து, அதற்கேற்பத் தூண்டிலிடும் முறை ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இது பரவலான பொழுதுபோக்காகவும் போட்டி விளையாட்டாகவும் விளங்குகிறது. இங்கு பெரிதும் நாடப்படுவது பெருவாய் பாஸ் எனப்படும் நன்னீர் மீன் ஆகும்.

டென்னசி ஆற்றின் குறுக்கே 1939 இல் கட்டி முடிக்கப்பட்ட கன்டர்ஸ்வில் அணையின் நீர்த்தேக்கம் இம்மீன்பிடிப்புக்குப் பெயர் பெற்ற இடங்களுள் ஒன்று. ஏறத்தாழ 28,000 எக்டேர் பரப்புடைய இது அலபாமா மாநிலத்தின் மிகப் பெரிய ஏரி ஆகும்.

அடிப்படை

மீன்களின் உடல் வெப்பநிலை, அவற்றைச் சூழ்ந்துள்ள நீரின் வெப்பநிலையை ஒட்டி மாறுகிறது. செரிமானம், நீந்தும் வேகம், இனப்பெருக்கம் ஆகியவை இதைச் சார்ந்துள்ளன. எனவே பாஸ் மீனைப் பொறுத்தவரை பருவம் என்பது நாட்காட்டியில் உள்ள மாதம் அன்று. நீரின் வெப்பநிலையே ஆகும். இயற்கை ஏரிகளை விட நீர்மட்டம் மிகுதியாக ஏறி இறங்குவது நீர்த்தேக்கங்கள் பலவற்றின் தனித்தன்மை ஆகும்.

இளவேனில்

நீரின் வெப்பநிலை 15 பாகை செல்சியசைக் கடக்கும்போது ஆண் மீன்கள் ஆழம் குறைந்த கரையோரங்களுக்கு வருகின்றன. அவை வாலால் மணலையும் சரளையையும் விலக்கி, தட்டுப் போன்ற பள்ளத்தைக் கூடாக அமைக்கின்றன. பெண் மீன் முட்டையிட்டபின் விலகிச் செல்கிறது. முட்டைகள் சில நாட்களில் பொரிக்கின்றன. அதுவரையிலும், அதன் பின்னர்க் குஞ்சுகள் ஓரளவு வளரும் வரையிலும் ஆண் மீனே காவல் இருக்கிறது.

காவல் காக்கும் ஆண், கூட்டை நெருங்கும் எதையும் விரட்டித் தாக்குகிறது. பசி இல்லாவிடினும் தூண்டிலின் செயற்கை இரையை அது கவ்வுவதற்கு இதுவே காரணம். அதைப் பிடித்து அப்புறப்படுத்தினால், அருகில் காத்திருக்கும் புளூகில் போன்ற சிறு மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும். எனவே கூட்டில் இருந்து பிடித்த மீனை அதே இடத்தில் உடனே விட்டுவிடுவது நன்று.

நீர்மட்டமும் கூடுகளும்

கூடுகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்திற்குள் அமைவதால், அணையிலிருந்து நீரை விரைவாகத் திறந்துவிட்டால் கரையை ஒட்டிய கூடுகள் நீரின்றி வறண்டு முட்டைகள் அழியும். ஓர் ஆண்டின் குஞ்சுத் தலைமுறை குறைந்தால், அதன் விளைவு சில ஆண்டுகள் கழித்துத் தூண்டிலிடுவோருக்குத் தெரியவரும்.

இதனைக் கருத்திற்கொண்டு, 1933 இல் நிறுவப்பட்ட டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் தன் நீர்த்தேக்கங்களில் ஒரு நடைமுறையைக் கையாள்கிறது. ஏறத்தாழ 1.5 மீட்டர் ஆழத்தில் நீரின் வெப்பநிலை 18 பாகையை எட்டியதும், இரு வாரங்களுக்கு நீர்மட்டம் வாரத்திற்கு 30 சென்ட்டி மீட்டருக்கு மேல் மாறாமல் வைத்திருக்க அது முயல்கிறது. வெள்ளக் கட்டுப்பாடு தேவைப்படும்போது இதைக் கடைப்பிடிக்க இயலாது. கன்டர்ஸ்வில்லில் ஆண்டு முழுவதிலும் இயல்பான நீர்மட்ட வேறுபாடு ஏறத்தாழ 60 சென்ட்டி மீட்டரே ஆகும். இவ்வாறு நிலையாக இருப்பது அங்கு வாழும் மீன்களுக்குச் சாதகமானது.

கோடை

கோடையில் ஆழமான நீர்த்தேக்கங்களின் நீர் அடுக்குகளாகப் பிரிகிறது. மேலே வெப்பமான இலேசான நீரும், கீழே குளிர்ந்த அடர்த்தியான நீரும் நிற்கின்றன. இரண்டும் கலவாததால் அடி நீரில் ஆக்சிசன் குறைகிறது. ஆகவே மிக ஆழமான இடத்தில் மீன் இருக்கும் என்று கருதுவது பொருந்தாது. நீரில் மூழ்கிய பழைய ஆற்றுத் தடத்தின் விளிம்புகளிலும், நீர்த்தாவரங்களின் நிழலிலும் அவை தங்குகின்றன. நம் பள்ளி ஆய்வகங்களில் ஒளிச்சேர்க்கைச் சோதனைக்குப் பயன்படும் ஹைட்ரில்லா, கன்டர்ஸ்வில்லில் அயல் தாவரமாகப் பரவியுள்ளது. படகுகளுக்கு இடையூறு செய்யும் அதுவே பாஸ் மீன்களுக்குப் புகலிடமாகவும் உள்ளது.

இலையுதிர்காலமும் குளிர்காலமும்

இலையுதிர்காலத்தில் மேல் நீர் குளிர்ந்து கீழிறங்குவதால் அடுக்குகள் கலக்கின்றன. ஷாட் எனப்படும் சிறு மீன்கள் ஓடைகள் வந்து சேரும் கிளைப் பகுதிகளுக்குக் கூட்டமாகச் செல்ல, பாஸ் மீன்களும் அவற்றைப் பின்தொடர்கின்றன. இக்காலத்தில் இரைக் கூட்டத்தைக் கண்டறிவதே முதற்பணி ஆகும்.

நீர் 10 பாகைக்குக் கீழ் குளிரும்போது பாஸ் மீன்கள் குறைவாகவே உண்கின்றன. ஆழத்தை ஒட்டிய செங்குத்தான சரிவுகளில் அவை தங்குகின்றன. செயற்கை இரையை மிக மெதுவாக இழுத்தால் மட்டுமே அவை அணுகும்.

பிடித்து விடுதல்

1967 இல் ஆர்கன்சாவின் பீவர் ஏரி நீர்த்தேக்கத்தில் போட்டி நடத்திப் பாஸ் போட்டிகளுக்கு வழிகோலிய ரே ஸ்காட், 1972 முதல் மீனை உயிருடன் திரும்ப விடும் வழக்கத்தைத் தன் போட்டிகளில் புகுத்தினார். எனினும் விடப்படும் மீன்கள் எல்லாம் பிழைப்பதில்லை. நீர் வெப்பமடையும்போது அதில் கரையும் ஆக்சிசன் குறைவதால், கோடையில் இறப்பு மிகுதியாகும். மீனை நெடுநேரம் போராட விடாமல் விரைந்து கரைசேர்த்தல், நனைந்த கையால் தொடுதல், நீருக்கு வெளியே வைத்திருக்கும் நேரத்தைக் குறைத்தல் ஆகியவை அது பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டும்.