வலக்கால் உதை

சிட்னி, 2003 நவம்பர் 22. ரக்பி உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா இரண்டும் 17-17. கூடுதல் நேரத்தில் அரை நிமிடம்கூட மிச்சமில்லை. பந்து ஜானி வில்கின்சன் கைக்கு வருகிறது. இடக்கால் ஆட்டக்காரர், ஆனால் நின்ற இடமோ வலக்காலுக்குத்தான் தோது. பந்தைத் தரையில் விட்டு, அது எழும்பிய கணத்தில் வலக்காலால் உதைத்தார். இரு கம்பங்களுக்கு நடுவே பறந்தது பந்து. இங்கிலாந்துக்குக் கோப்பை. வில்கின்சனுக்கு வயது 24.

அதிர்ஷ்டம் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னால் அபத்தம். மற்றவர்கள் குளித்துக் கிளம்பிய பிறகும் மைதானத்தில் தனியாக உதைத்துக்கொண்டிருப்பவர் அவர். தொடர்ந்து ஆறு உதைகள் சரியாக விழுந்தால்தான் வீடு. ஐந்து சரியாகி ஆறாவது தவறினால் மீண்டும் ஒன்றிலிருந்து! கம்பங்களுக்குப் பின்னால் பார்வையாளர் வரிசையில் 'டோரிஸ்' என்ற கற்பனைப் பெண் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, அவளைக் குறிவைத்து உதைப்பது பயிற்சியாளர் டேவ் ஆல்ரெட்டுடன் பழகிய உத்தி. உதைக்குமுன் முழங்கால் மடக்கி, பிரார்த்தனைபோலக் கைகளைக் கோத்து நிற்கும் அந்தக் கோலத்தை இங்கிலாந்துச் சிறுவர்கள் தெருவில் நடித்துக் காட்டினார்கள்.

இந்த வெறிக்கு அடியில் இருந்தது பயம். தவறிவிடுவோமோ என்ற பதற்றமும் மனச்சோர்வும் தன்னை வாட்டியதைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகப் பேசினார். உலகின் உச்சியில் நின்றபோதும் நிம்மதி வரவில்லை.

உடம்பும் ஒத்துழைக்கவில்லை. கழுத்து, முழங்கால், சிறுநீரகம் என்று காயம்மேல் காயம். சிட்னிக்குப் பிறகு மூன்று வருடத்துக்கும் மேலாக இங்கிலாந்துச் சட்டையை அணியவே முடியவில்லை.

திரும்பி வந்த ஆட்டம் நமக்குக் கொஞ்சம் சொந்தம். 2007 பிப்ரவரி 3, ஸ்காட்லாந்துக்கு எதிராக, கல்கத்தா கோப்பைக்கு. கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் நடத்திய ரக்பி கிளப் கலைந்தபோது, வங்கியில் இருந்த 270 வெள்ளி ரூபாயை உருக்கிச் செய்த கோப்பை அது. கைப்பிடிகள் மூன்றும் நாகப்பாம்புகள், மூடியில் யானை. இங்கிலாந்து 42-20 என்று வென்றது. அதில் 27 புள்ளிகள் வில்கின்சனுடையவை.

அதே ஆண்டு உலகக் கோப்பை இறுதியில் தென்னாப்பிரிக்காவிடம் தோல்வி. 2009இல் பிரான்ஸின் துலோன் அணிக்குப் போனார். இங்கிலாந்துக்காக 91 ஆட்டங்கள், 1,179 புள்ளிகள். 2014 மே 31 அன்று பாரிஸில் பிரெஞ்சு லீக் இறுதி ஆட்டம். அதுவே அவருடைய கடைசி ஆட்டம். துலோன் எடுத்த 18 புள்ளிகளில் 15 அவர் காலிலிருந்து வந்தவை.